சுவரை மூடுவதற்கு முன்: பிளம்பிங் தொழிலுக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தச்சர் மாட்டிய கதவு கோணலாக இருந்தால் பார்த்த கண்ணுக்கே தெரியும். வர்ணம் திட்டுத்திட்டாக இருந்தால் வீட்டுக்காரர் அங்கேயே பிடித்துவிடுவார். குழாய் வேலை அப்படியல்ல. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போய் ஒளிந்துகொள்கிறது. கூலி வாங்கிக்கொண்டு நாம் போன மூன்றாவது மாதம், கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வட்டமாக வெளியே வருகிறது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறப்பவை. இன்று ஒழுகவில்லை என்றால் வேலை சரியாக முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, இதை வெறும் உடல் உழைப்பு என்று எண்ணி வருவது. "படிப்பு ஏறவில்லை, குழாய் வேலைக்காவது போகட்டும்" என்று அனுப்பப்படும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிகிறது, இங்கே கணக்கு இல்லாமல் ஒரு நாளும் நகராது என்று. மேல்மாடிக் குளியலறையில் ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தெரியாதவர் முதலில் ஷவரை மாற்றுவார், பிறகு குழாயை மாற்றுவார், கடைசியில் பெரிய தொட்டி வையுங்கள் என்பார். தொட்டியின் கொள்ளளவுக்கும் அழுத்தத்துக்கும் தொடர்பே இல்லை. தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் பேச்சு. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம். தொட்டியின் தண்ணீர் மட்டம் ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.2 பார். அவ்வளவுதான் வரும். தொட்டியை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் பம்ப் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பாடம்தான் இது. ஆனால் இதைத் தெரிந்தவர் ஒரே வருகையில் முடிப்பதை, தெரியாதவர் மூன்று முறை வந்தும் முடிக்க மாட்டார்.

அடுத்தது, யாரிடம் வேலை கற்பது என்பதில் நேரும் பிழை. எங்கே நாள்கூலி கொஞ்சம் அதிகமோ அங்கே சேர்ந்துவிடுவது வழக்கம். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், சுவரில் காடி எடுப்பதிலும் மூட்டை தூக்குவதிலும் கை தேர்ந்திருக்கும். ஒரு மூட்டுகூடத் தானாக ஒட்டியிருக்க மாட்டார். சேர்வதற்கு முன் கேட்டுவிடுங்கள்: வரைபடம் பார்க்க விடுவீர்களா, எப்போது என் கையில் வேலையைக் கொடுப்பீர்கள், புதுக்கட்டட வேலை மட்டுமா, பழுதுபார்ப்பும் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். புதுக்கட்டடத்திலேயே வளர்ந்தவர் ஐம்பது ஆண்டுப் பழைய வீட்டின் துருப்பிடித்த இரும்புக் குழாயின் முன்னால் திகைத்து நிற்பார். பழுதுபார்ப்பிலேயே இருந்தவருக்கு வரைபடத்தைப் பார்த்துச் சாமான் கணக்கெடுக்க வராது. இரண்டிலும் சில காலம் இருந்தவருக்கு வேலை இல்லாத மாதம் அபூர்வம்.

பழகுநர் காலத்தைச் சுருக்க நினைப்பதும் இதோடு சேர்ந்ததே. ஜெர்மனியில் இந்தப் பயிற்சி மூன்றரை ஆண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் 4 அல்லது 5 ஆண்டு. அவர்கள் என்ன மந்தமானவர்களா? கோடையில் ஒட்டிய மூட்டு குளிரில் என்ன ஆகிறது, சென்ற ஆண்டு போட்ட வடிகால் இந்த ஆண்டு ஏன் அடைக்கிறது என்பதையெல்லாம் பார்க்க அத்தனை ஆண்டு தேவைப்படுகிறது. உரிமம் வழங்கும் நாடுகளில் தேர்வு எழுத, இத்தனை மணி நேரம் வேலை செய்தேன் என்பதற்குப் பதிவு கேட்பார்கள். அதை எழுதி வைக்காமல் விட்டுவிட்டு, பழைய முதலாளியைத் தேடி அலைபவர்கள் உண்டு. முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள்.

சோதிக்காமல் மூடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் அடிபட்டவன் நான்.

தனியாக நான் எடுத்துச் செய்த முதல் குளியலறை. பிளாஸ்டிக் குழாய் வேலை. அளவு பார்ப்பதற்காகக் குழாயை எல்போவுக்குள், அதாவது வளைவு இணைப்புக்குள், பிளாஸ்டிக் ஒட்டும் சிமென்ட் பூசாமல் செருகிப் பார்ப்போம். பிறகு கழற்றி, பூசி ஒட்டுவோம். ஐந்து மூட்டு இருந்தது. நான்கை ஒட்டினேன். ஐந்தாவதில் கை வைக்கும்போது கொத்தனார் ஏதோ கேட்டார், எழுந்து போனேன், திரும்பி வந்து பார்த்தால் ஐந்தும் ஒன்றுபோலவே இருந்தன. தண்ணீர் திறந்துவிட்டேன், ஒழுகவில்லை. பூச்சுப் பூசி, டைல்ஸ் ஒட்டி, எல்லாம் முடிந்தது. பதினோராவது நாள் இரவு அந்த மூட்டு கழன்றது. இறுக்கமாகச் செருகிய குழாய் குறைந்த அழுத்தத்தில் சில நாள் பிடித்து நிற்கும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் வந்தார். உடைத்த டைல்ஸையும் என் முகத்தையும் பார்த்தார். திட்டவில்லை. பையிலிருந்து ஒரு மார்க்கர் பேனாவை எடுத்துக் கொடுத்தார். சிமென்ட் பூசி ஒட்டிய மூட்டில் மட்டும், குழாயிலிருந்து எல்போவுக்குக் குறுக்கே ஒரு கோடு. கோடு இல்லாத மூட்டு ஒட்டாத மூட்டு. ஒட்டிய பிறகு குழாய் பின்னால் நழுவியிருந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். இன்றுவரை என் சட்டைப்பையில் அந்தப் பேனா இல்லாமல் வேலைக்குப் போனதில்லை.

நாம் பசை என்று சொல்லும் இந்தச் சால்வென்ட் சிமென்ட் உண்மையில் பசையல்ல. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் சாதாரண பிவிசி குழாய்க்கு உரியது வேறு, வெந்நீர் தாங்கும் சிபிவிசி குழாய்க்கு உரியது வேறு. அதனால்தான் வெட்டிய முனையில் பிசிறு இருக்கக் கூடாது, ஈரம் இருக்கக் கூடாது. பூசியதும் செருகிக் கால் சுற்றுத் திருப்பி அரை நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் குழாய் மெல்லப் பின்வாங்கும். ஒட்டிய சூட்டோடு தண்ணீர் திறக்கக் கூடாது. குழாயின் விட்டத்தையும் வெப்பநிலையையும் பொறுத்துக் காயும் நேரம் மாறும்; டப்பாவின் மேலேயே அட்டவணை அச்சிட்டிருக்கிறது. அதைப் படிப்பவர்கள்தான் குறைவு.

பிறகு அழுத்தச் சோதனை. பொதுவான நடைமுறை, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருப்பது. பிளாஸ்டிக் குழாயை அழுத்தப்பட்ட காற்றால் சோதிக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். காற்றில் வெடித்தால் சில்லுகள் கத்தியாகப் பறக்கும். முள் நின்றதோடு என் அண்ணன் நிறுத்த மாட்டார். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே பழைய செய்தித்தாளைக் கிழித்து விரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். விரலுக்குத் தட்டுப்படாத ஈரம் காகிதத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் லிட்டர் போய்விடும் என்பதை நினைத்தால், அரை மணி நேரம் காகிதத்தைப் பார்த்திருப்பது ஒன்றும் பெரிதல்ல.

கழிவுநீரை இளக்காரமாகப் பார்ப்பது

பளபளக்கும் குழாய்களைப் பொருத்துவதில் உள்ள ஆசை, வடிகால் வேலையில் யாருக்கும் இல்லை. தொழிலின் அறிவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர் வரும் குழாயில் அழுத்தம் நம் பக்கம். போகும் குழாயில் நமக்கு உதவ வாட்டம், அதாவது சரிவு, மட்டுமே உண்டு. சிறிய வடிகால்களுக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவில் வாட்டம் என்பது பழகிய கணக்கு. கண்மட்டத்தில் பார்த்து "சரியாக இருக்கிறது" என்பவர் அடுத்த ஆண்டு அடைப்பு எடுக்க அதே வீட்டுக்கு வருவார். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், நடுவில் குழாய் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்டம் கூடினால் இன்னும் நல்லது என்பதும் தவறு. வேகமாக இறங்கும் நீர், டிராப்பில் (நாற்றம் உள்ளே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில்) நிற்க வேண்டிய நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடலாம். அதைத் தடுக்கத்தான் வடிகாலுக்குள் காற்று விடும் வென்ட் பைப். செலவு குறைக்கலாம் என்று வீட்டுக்காரர் முதலில் கைவைப்பது அதில்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

டிராப்பில் நிற்கும் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர் சாக்கடைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள ஒரே கதவு. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோருக்குப் பரவியபோது, விசாரித்தவர்கள் கண்ட காரணங்களில் முக்கியமானது குளியலறைத் தரை டிராப்புகளில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. தரையைக் கழுவிவிடாமல் துடைத்தே வந்ததால் டிராப்புக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. மின்விசிறி காற்றை வெளியே இழுக்க, சாக்கடைக் குழாயிலிருந்து கிருமி உள்ளே வந்தது. நீண்ட நாள் பயன்படுத்தாத அறையின் டிராப்பில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வருவதும் பிளம்பரின் வேலையே.

சில சின்னத் தவறுகளைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். டெஃப்லான் டேப்பை மரையின் முனையை நம் பக்கம் பார்க்க வைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே சுருண்டு வெளியே வரும். பிளாஸ்டிக் மரையை ரெஞ்ச் போட்டு முழுப்பலத்தோடு முறுக்கினால் இன்று இறுகும், பின்னால் விரியும். செம்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நேரடியாக இணைத்தால் இரும்பு அரித்துப்போகும். 10 மீட்டர் சிபிவிசி குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். அதற்கு இடம் விடாமல் இரு பக்கமும் கிளாம்ப் அடித்து இறுக்கக் கூடாது.

சின்னத் தவறு என்று சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. வாட்டர் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதன் வாயை அடைத்துவிடுவது. அழுத்தம் கூடும்போது சொட்டுவதுதான் அதன் கடமை. அடைத்துவிட்டால் ஹீட்டர் வெடிகுண்டுக்குச் சமம். "சொட்டுவதை நிறுத்தினால் போதும்" என்று வீட்டுக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும், வால்வை மாற்றுங்கள் அல்லது அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று பாருங்கள். செய்ய விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கருவிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதமே கடன் வாங்கிப் பெட்டி நிறைய வாங்காதீர்கள். இரண்டு அளவில் பைப் ரெஞ்ச், நல்ல கட்டர், ரசமட்டம், அளவு நாடா, டார்ச். மற்றதை வேலையே கேட்டு வாங்கவைக்கும்.

உடம்பைக் கருவியாகவே எண்ணாமல் இருப்பது இதைவிடப் பெரிய தவறு. முழங்காலுக்கு மெத்தை கட்டாமல் இருபது வயதில் வேலை செய்யலாம், நாற்பதில் முடியாது. கழிவுநீரில் கை வைக்கும் தொழிலில் கையுறையும் டெட்டனஸ், ஹெபடைடிஸ் தடுப்பூசியும் தேவை. கழிவுநீர்த் தொட்டிக்குள் மட்டும் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டையாக நாறும். செறிவு கூடியதும் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற அந்தக் கணம்தான் ஆபத்தானது. விழுந்தவரைத் தூக்க இறங்கிய அடுத்தவரும் திரும்பாத கதைகள் இந்தத் தொழிலில் ஏராளம்.

சொந்தமாகத் தொடங்கும்போது

கைத்திறனில் குறை இல்லாதவர்கள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள். முதல் பிழை, விலை சொல்வது. மூட்டுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று மனக்கணக்கில் சொல்லிவிடுவார்கள். சாமான் வாங்க அலைந்த அரை நாள், தேய்ந்த பிளேடு, சரிசெய்ய மறுபடி வந்த ஒரு நாள் ஆகியவை கணக்கில் வராது. மாதக் கடைசியில் உதவியாளருக்குக் கூலி கொடுத்த பின் அவரைவிடக் குறைவாகத் தான் சம்பாதித்திருப்பது தெரியும். பழைய வீடு என்றால் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்: சுவரைத் திறந்த பிறகு தெரியவரும் பழுதுக்குத் தனிக் கணக்கு. வாய்ப்பேச்சு போதாது.

ஒரு வேலைக்கு வாங்கிய முன்பணத்தில் இன்னொரு வேலைக்குச் சாமான் வாங்குவது அடுத்தது. இரண்டாவது வேலைக்குப் பணம் வர ஒரு வாரம் தாமதமானால் முதல் வீட்டில் வேலை நிற்கும். பிறகு தொலைபேசியை எடுக்கத் தயக்கம் வரும். நான் அறிந்தவரையில், இந்தத் தொழிலில் பேர் கெட்டவர்களில் பாதிப்பேர் வேலை தெரியாததால் கெட்டவர்கள் அல்லர், அழைப்பை எடுக்காததால் கெட்டவர்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்குவதும் உண்டு. எரிவாயு இணைப்புக்குப் பல நாடுகளில் தனித் தகுதி வேண்டும். மருத்துவமனையின் ஆக்சிஜன் குழாய், தீயணைப்புத் தெளிப்பான், பெரிய கட்டடத்துப் பம்ப் அமைப்பு எல்லாம் தனித்தனிப் படிப்பு. பார்த்துச் சமாளிக்கலாம் என்று இறங்காமல், அவற்றில் ஒன்றைத் தேர்ந்து முறையாகக் கற்றால் அதுவே அடுத்த படி. முழங்கால் ஒத்துழைக்காத வயதில் சாமான் மதிப்பீடு, மேற்பார்வை, ஆய்வு, பயிற்சி என்று நகர முடிகிறவர்கள், முன்னமே வரைபடமும் கணக்கும் பழகி வைத்தவர்கள்தான்.

இன்னொன்று, செலவே இல்லாதது. சுவரைப் பூசுவதற்கு முன், அளவு நாடாவைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து எல்லாக் குழாய்களையும் படம் எடுத்து, ஒரு பிரதியை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். சில ஆண்டு கழித்து அவர் வீட்டில் கண்ணாடி மாட்ட யாரோ ஆணி அடிக்கத் துளைபோடும்போது, அந்தப் படத்தைத் தேடி உங்கள் எண்ணுக்குத்தான் அழைப்பு வரும்.