துன்பத்தில் கடவுளைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

துக்க வீட்டில் யாராவது ஒருவர் அந்த வசனத்தைச் சொல்லிவிடுவார்: "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது." நானும் சொல்லியிருக்கிறேன். பைபிளில் ரோமர் 8:28இல் உள்ள அந்த வசனம் பொய்யில்லை. ஆனால் அதற்கு இரண்டு வசனம் முன்னால், அந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் என்ன எழுதுகிறார்? என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியாதபோது, ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்கிறார். அந்தப் பெருமூச்சைத் தாண்டிக் குதித்து நேரே நன்மைக்குப் போய்விடுகிறோம்.

இதைவிடப் பெரிய தவறு, காரணம் தேடுவது. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. வாயைத் திறந்ததும் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். இன்றும் ஜெபிக்க வந்த இடத்தில் "விசுவாசம் குறைவு", "குடும்பத்தில் ஏதோ சாபம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு.

யோபு புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள் மேல்தான். அத்தனை அதிகாரங்களிலும் அவர்கள் கடவுளைப் பற்றித்தான் பேசினார்கள். கடவுளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யோபு குறைபட்டான், வழக்காடினான், ஆனால் அவரிடமே வழக்காடினான். 23ஆம் சங்கீதத்தையும் கவனியுங்கள். புல்வெளியில் இருக்கும்வரை "அவர்" என்னை மேய்க்கிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்."

ஆகவே, "ஏன்" என்று கேட்பதைப் பாவமாக எண்ணி அழுகையை விழுங்க வேண்டாம். சிலுவையில் இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டார். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

அப்புறம், "தாங்க முடியாததைக் கடவுள் தரமாட்டார்" என்ற ஆறுதல். அதற்கு ஆதாரமாகக் காட்டும் 1 கொரிந்தியர் 10:13 பாவச் சோதனையைப் பற்றியது. தன் துன்பத்தைச் சொல்லும்போது பவுல், எங்கள் பலத்துக்கு மிஞ்சிய பாரம், பிழைப்போம் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்கிறார் (2 கொரிந்தியர் 1:8). தாங்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள்.

ஜெபத்தில் உள்ளம் உருகவில்லை என்றால் கடவுள் விலகிவிட்டார் என்று முடிவு கட்டுவதும் தவறு. அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளே இருளோடுதான் இருந்தார் என்பது 2007இல் வெளியான அவருடைய கடிதங்களால் பரவலாகத் தெரியவந்தது. இருட்டிலும் வேலையையோ ஜெபத்தையோ அவர் நிறுத்தவில்லை.

உடம்பை மறப்பது இன்னொன்று. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடவுள் பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் போதகரிடம் மட்டுமல்ல, மருத்துவரிடமும் உடனே போங்கள்.

சங்கீதம் 88ஐ சபையில் அதிகம் வாசிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது ஆறுதலில் முடிவதில்லை. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அவரைக் கூப்பிட்டுத்தான் அது தொடங்குகிறது. தூக்கம் வராத இரவில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். 18 வசனம்தான்.