புது பாக்டீரியாவா? கொஞ்சம் பொறுங்கள்

மண்ணில் புது பாக்டீரியா இனம் தேடுபவர்கள், மண்ணைக் கரைத்து அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு) பரப்பி, மறுநாளே பளபளவென்று வந்து நிற்கும் காலனியை (ஓரிடத்தில் பெருகிய பாக்டீரியாக் குவியல்) எடுப்பதுதான் முதல் தப்பு. அவ்வளவு வேகமாக வளர்வது பெரும்பாலும் பேசில்லஸ், சூடோமோனாஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த கூட்டம். ஆர்2ஏ போன்ற சத்துக் குறைந்த ஊடகத்தில், தட்டு காயாமல் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். ஊசிமுனை அளவில் தாமதமாக எட்டிப் பார்ப்பதில்தான் புதுசு இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் சுத்தம். ஒரு தடவை புதுத் தட்டில் கம்பியால் கீறிப் பரப்பிவிட்டுத் தனிக் காலனி கிடைத்துவிட்டது என்று நம்பாதீர்கள், குறைந்தது மூன்று தடவையாவது மறுபடி கீறுங்கள். இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு: சுத்தமான வளர்ப்பையே கலப்படம் என்று தூக்கி எறிவது. ஆர்த்ரோபாக்டர் என்ற பாக்டீரியா மண்ணில் சர்வசாதாரணம். புது வளர்ப்பில் கோலாக, சில ஜோடிகள் வி எழுத்துபோல வளைந்து நிற்கும், அதே தட்டை மூன்று நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் உருண்டை. போதாக்குறைக்கு, கிராம் பாசிட்டிவாக (கிராம் சாயச் சோதனையில் ஊதாவாக நிற்க வேண்டிய வகை) இருந்தும் ஊதாச் சாயத்தைச் சுலபமாக விட்டுவிட்டுச் சிவப்பாகத் தெரியும். கலப்படம் என்று நினைத்து நானே ஒன்றை ஆட்டோகிளேவில் போட்டு அழித்திருக்கிறேன். ஸ்லைடில் வளர்ப்பின் வயதை எழுதுங்கள்.

அடுத்து 16எஸ், அதாவது பாக்டீரியாவை அடையாளம் காணப் படிக்கும் ஒரு மரபணு. அதில் 700 டிஎன்ஏ எழுத்து படித்துவிட்டு பிளாஸ்டில் (வரிசைகளை ஒப்பிடும் தேடுகருவி) போட்டு, முதலில் வந்த பெயரோடு 97 சதவீதம்தான், ஆகவே புது இனம் என்று குதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1500 எழுத்தும் வேண்டும். ஒப்பிடுவதும் யாரோ பெயர் ஒட்டிப் போட்ட வரிசையோடு அல்ல, டைப் ஸ்ட்ரெயினோடு (ஓர் இனப் பெயருக்கு அதிகாரபூர்வ மாதிரியாக வைத்திருக்கும் வளர்ப்பு). இப்போது எல்லைக்கோடு 98.7 சதவீதம் அளவில். அதற்கு மேலே வந்தாலும் பழைய இனம்தான் என்று முடிவாகாது: பேசில்லஸ் சீரியஸ், ஆந்த்ராசிஸ், துரிஞ்சியன்சிஸ் மூன்றுக்கும் 16எஸ் ஏறக்குறைய ஒன்றேதான், ஆனால் ஒன்று ஆந்த்ராக்ஸ் தரும், இன்னொன்றைப் பயிருக்குத் தெளிக்கிறோம். எனவே முழு மரபணுத் தொகுதியையும் படித்து ஏஎன்ஐ (இரண்டு மரபணுத் தொகுதிகளின் சராசரி ஒற்றுமைச் சதவீதம்) பாருங்கள். நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின்கள் எல்லாவற்றோடும் 95–96க்குக் கீழே இருந்தால்தான் பேச்சு.

புது இனத்தை விவரிக்கும்போது, செல்லின் கொழுப்பு அமில அளவுகளைப் பழைய கட்டுரையிலிருந்து எடுத்து அட்டவணையில் ஒட்டாதீர்கள். ஊடகமும் வெப்பநிலையும் மாறினால் அந்த அளவும் மாறும். உறவுக்கார ஸ்ட்ரெயினையும் வரவழைத்துப் பக்கத்திலேயே வளர்க்க வேண்டும். செலவுதான், வேறு வழியில்லை.

புது இனத்தின் பெயர் செல்லுபடியாக, உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் வைத்திருக்க வேண்டும், உதாரணமாகச் சண்டிகரின் எம்டிசிசி, ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட். கட்டுரையை முடித்துவிட்டு வளர்ப்பை அனுப்பலாம் என்று தள்ளிப்போட்டால், சேமிப்பகச் சான்றிதழ் வரும்வரை கட்டுரை மேசையிலேயே கிடக்கும்.