எஸ்பிஆர் சிப்பில் ஆன்டிபாடியை ஒட்டவைப்பது எப்படி

எஸ்பிஆர் (சர்ஃபேஸ் பிளாஸ்மோன் ரெசொனன்ஸ், மூலக்கூறுகள் பிணைவதை ஒளியால் அளக்கும் முறை) அளவீடு சொதப்பினால் கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் சிப்பின் மேற்பரப்பைப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். வழக்கமான சிப்பில் கண்ணாடி மேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கப் படலம், அதன் மேல் கார்பாக்சிமெத்தில் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலிப் படலம். தங்கத்தை ஒட்டிய ஓரிரு நூறு நானோமீட்டருக்குள் ஒளிவிலகல் எண் மாறினால் சிக்னல் வரும், அவ்வளவுதான். ஒட்டியது நீங்கள் தேடும் புரதமா வேறு ஏதாவதா என்று அதற்குத் தெரியாது.

முதலில் ஆன்டிபாடி (தேடும் புரதத்தைப் பிடிக்க சிப்பில் ஒட்டவைக்கும் மூலக்கூறு) எந்த பஃபரில், அதாவது பிஹெச் மாறாமல் வைக்கும் கரைசலில், இருக்கிறது என்று பாருங்கள். ட்ரிஸ், கிளைசின் இருந்தால் பஃபரை மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் அவற்றின் அமீன் உங்கள் ஆன்டிபாடியை முந்திக்கொண்டு சிப்பில் பிணைந்துவிடும். அப்புறம் 10 மில்லிமோலார் சோடியம் அசிடேட்டில், பிஹெச் 4.0, 4.5, 5.0, 5.5 என்று நான்கிலும் ஆன்டிபாடியைக் கலந்து, இன்னும் எதுவும் செய்யாத சிப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள். எதிர்மின் சுமையுள்ள டெக்ஸ்ட்ரான் எதில் நன்றாக இழுக்கிறதோ அவற்றில் அதிக பிஹெச் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், ஆன்டிபாடிக்கு அது பாதுகாப்பு.

சரி, இனி ஒட்டவைப்பது. சிப்பின் மேற்பரப்பை ஆன்டிபாடியின் அமீனோடு பிணையத் தயாராக்கும் வேதிப்பொருள்களான இடிசி, என்ஹெச்எஸ் இரண்டையும் செலுத்துவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். 7 நிமிடம் ஓட்டுங்கள், அடுத்து ஆன்டிபாடி, கடைசியில் மீதி இடங்களை மூட 1 மோலார் எத்தனாலமீன், பிஹெச் 8.5.

நிறைய ஒட்டினால் நிறைய சிக்னல் என்று தோன்றும், ஆனால் பிணையும், பிரியும் வேகங்களை அளக்கும்போது அதுவே கெடுதல்: வரும் மூலக்கூறுகள் பரவி வந்து சேரும் வேகத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள், பிணையும் வேகத்தை அல்ல. கணக்கு எளிது. 150 கிலோடால்டன் ஆன்டிபாடி 250 ஆர்யூ (சிக்னலை அளக்கும் அலகு) ஒட்டியிருக்கிறது, அதன் இரண்டு கைகளிலும் 30 கிலோடால்டன் புரதம் பிடிக்கிறது என்றால் அதிகபட்ச சிக்னல் 30/150 × 250 × 2, அதாவது 100 ஆர்யூ. அதற்கு மேல் தேவையில்லை.

பக்கத்து சேனலில் ஆன்டிபாடி இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் செய்து, அந்த சிக்னலைக் கழியுங்கள். வெறும் பஃபரையும் ஒருமுறை செலுத்திக் கழியுங்கள். மாதிரியில் டிஎம்எஸ்ஓ (கரைப்பானாகப் பயன்படும் திரவம்) இருந்தால் ஓடும் பஃபரிலும் அதே அளவு இருக்க வேண்டும், சிறு வித்தியாசம் கூட சிக்னலில் பெரிய தாவலாகத் தெரியும்.

பிணைந்ததைக் கழற்ற கிளைசின்-ஹெச்சிஎல், பிஹெச் 2.5-இல் 30 விநாடி கொடுத்துப் பாருங்கள், போகவில்லை என்றால் மட்டும் பிஹெச்சைக் குறையுங்கள். கழற்றியபின் அதே செறிவை மறுபடி செலுத்துங்கள்: சிக்னல் குறைந்தால் ஆன்டிபாடி கெட்டிருக்கலாம், அடிக்கோடு (எதுவும் செலுத்தாதபோது உள்ள சிக்னல்) ஏறியிருந்தால் முழுதாகக் கழலவில்லை.