சொந்தக்காரர் வீட்டு மீன் தொட்டி: எப்போது வாய் திறப்பது, எப்படிச் சொல்வது

வேலூர் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ அத்தை வீட்டுக்குப் போகிறீர்கள். டிவிக்குப் பக்கத்தில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம், உள்ளே இரண்டு கோல்டுஃபிஷ். மீன் வளர்ப்பு தெரிந்தவருக்கு, அவ்வளவு சின்ன இடத்தில் அவற்றைப் பார்த்தபின் காபி இறங்காது. ஆனாலும் உடனே சொல்லிவிடாதீர்கள். "வந்ததும் வராததுமா குத்தம் சொல்றான்" என்று ஒருமுறை பட்டுவிட்டால், அந்த வீட்டில் மீனைப் பற்றி நீங்கள் பேசும் எதுவும் அப்புறம் எடுபடாது.

முதலில் இரண்டு நிமிஷம் சும்மா பாருங்கள். மீன் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? செவுள் வேகமாக அடிக்கிறதா, ரத்தச் சிவப்பாக இருக்கிறதா? துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் கிடக்கிறதா? ஃபைட்டர் மீனும் கௌராமியும் மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. ஒரு மிடறு குடித்துவிட்டுக் கீழே போய்விடும். கோல்டுஃபிஷ் மேலேயே நின்றால்தான் ஆபத்து. அப்படி நின்றாலோ, மற்ற அறிகுறிகளில் ஒன்று இருந்தாலோ அன்றைக்கே சொல்லுங்கள். மற்றபடி கலர் கல், பிளாஸ்டிக் செடி, சங்கு பொம்மை எல்லாம் உங்கள் ரசனைக்கு ஒத்துவராத விஷயங்கள், அவ்வளவுதான். அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூச்சுத் திணறும் மீனுக்குக் கையாலேயே முதலுதவி செய்யலாம். "மாமா, மீனு மேலயே நிக்குது, காத்து பத்தல போல. ஒரு மக் குடுங்க" என்று கேளுங்கள். தொட்டித் தண்ணீரையே மக்கில் மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாகத் திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிஷம் விடாமல் செய்தால் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறும். பிறகு கால் பங்குத் தண்ணீரை மாற்றலாம். மாற்றும் தண்ணீரில் இங்கே இரண்டு சிக்கல் உண்டு. காவிரிக் கூட்டுக் குடிநீரோ நகராட்சித் தண்ணீரோ, குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும், அல்லது அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்திருக்க வேண்டும். வேலூர் வெயிலில் மாடி சின்டெக்ஸ் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். அதை அப்படியே ஊற்றினால் மீன் தாங்காது. முந்தின நாளே பிடித்து வீட்டுக்குள் வைத்த தண்ணீர்தான் சரி.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமைக் கழுவல். பல வீடுகளில் மீன் சாவது இதனால்தான். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லை சோப்புப் போட்டுத் தேய்த்து, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிவார்கள். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா குடியிருப்பது அந்த ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான். அது புதிதாக ஒரு தொட்டியில் நிலைக்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரே கழுவலில் அத்தனையும் போய், அம்மோனியா ஏறி, கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் ரெண்டு மூணு நாளில் மீன் செத்து மிதக்கும். "சுத்தமாத்தானே வெச்சிருந்தோம்" என்று அத்தை நொந்துபோவது நியாயமே. அவர்கள் செய்தது சோம்பல் இல்லை, உழைப்பு. அதனால் குறை சொல்லாமல், வேலையைக் குறைக்கும் வழியாகவே சொல்லுங்கள்: "அத்தை, இவ்ளோ கஷ்டப்பட வேணாம். வாரத்துக்குக் கால்வாசித் தண்ணி மாத்தினா போதும். தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே ஸ்பாஞ்ச ரெண்டு தடவ அமுக்கிட்டுத் திரும்ப வெச்சிடுங்க. சோப்பு வேணவே வேணாம்."

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். தொட்டியை வாங்கினவர் மாமாவாக இருக்கலாம். தண்ணீர் மாற்றுவது அத்தையாகவோ பள்ளிக்கூடம் போகும் பையனாகவோ இருப்பார். வேலை செய்கிறவரிடம், சமையலறையிலோ தொட்டியடியிலோ தனியாகப் பேசுங்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மீன் வீடியோ அனுப்பி ஜாடையாகச் சொல்வதும் வேண்டாம். மீன் செத்த அன்றைக்குக் காரணம் சொல்லவே கூடாது.

தீனி விஷயத்தைக் குழந்தையிடம் கொடுத்துவிடலாம். ரெண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை. சோறு, பிஸ்கட், இட்லித் துணுக்கு கூடாது. பழைய மாத்திரை டப்பாவில் கிழமைவாரியாகத் தீனியைப் பிரித்து வைத்தால், பாட்டி ஒரு பிடி, பேரன் ஒரு பிடி என்று போடுவது நிற்கும்.

வாஸ்துவுக்காக எட்டு கோல்டுஃபிஷ், ஒரு கறுப்பு மீன் என்று வைத்திருக்கும் வீட்டில் நம்பிக்கையைத் தொடாதீர்கள். "வீட்டுக்கு வந்த கண்டத்த மீனு எடுத்துக்கிச்சு" என்பவரிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. அளவை மட்டும் பேசுங்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 24, 12, 12 அங்குலத் தொட்டி விளிம்புவரை நிறைந்தாலும் சுமார் 57 லிட்டர்தான். வளர்ந்த கோல்டுஃபிஷ் ஒரு சாண் நீளம் வரும். இரண்டுக்கே அது நெருக்கடி. "ஒன்பதும் நல்லாருக்கணும்னா பெரிய தொட்டி வேணும் மாமா" என்றால் அவர் பக்கம் நின்று பேசினதாகவே இருக்கும்.

கத்திரி வெயிலில் இன்னொரு கவனம். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். கோல்டுஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். மூடியை எடுத்து வலை போட்டு, டேபிள் ஃபேன் காற்று தண்ணீர்மேல் படும்படி வைத்தால் ரெண்டு மூணு டிகிரி இறங்கும். ஐஸை நேராகப் போடக் கூடாது.

அடுத்த முறை போகும்போது பழத்தோடு ஒரு ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வாங்கிப் போய், கூட இருந்து மாட்டிக் கொடுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே இருந்தால் கரண்ட் போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பிப் பம்பு கெடும்.

ஒருமுறை சொல்லியாயிற்று, கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். "இனிமே வளக்க முடியல, ஏரில விட்டுடலாமா" என்று அவர்களே கேட்டால் மட்டும் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். தொட்டி சுத்தம் செய்ய என்று விற்கும் சக்கர் மீன் இப்படி விடப்பட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலையைக் கிழித்து, நம்ம ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் சேர்த்துவிடலாம்.