போட்டி விருந்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் தெலுக் இந்தானில் ஒவ்வொரு சாப்பாட்டுக் கடைக்கும் ஒரு கட்சி உண்டு. மீன்தலைக் கறி என்றால் இந்தக் கடை, ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்றால் அந்தக் கடை என்று வீடு வீடாகப் பிரிந்து நிற்போம். எஸ்டேட் தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிவந்த பிறகும் அந்தக் கட்சி மாறவில்லை. இப்படிப்பட்ட ஊரில் இரண்டு கடைச் சமையல்காரர்களை ஒரே இரவில், ஒரே மண்டபத்தில் மோதவிட்டு, சாப்பிட வந்தவர்களையே மார்க் போடச் சொன்னால் எப்படி இருக்கும்? பள்ளிக் கட்டட நிதி, கோயில் திருப்பணி என்று ஏதாவது காரணம் வைத்து நடத்துகிறார்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை போட்ட மார்க் அத்தனையும் தப்பு. அன்று எனக்குச் சாப்பிடவே தெரியவில்லை.

முறை எளிமையானது. ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பொருளை இருவரும் சமைக்கிறார்கள். வாழையிலையில் இரண்டு சின்னக் கிண்ணங்கள் வந்து உட்காரும், ஒன்றில் சிவப்புப் புள்ளி, மற்றதில் பச்சைப் புள்ளி. யாருடையது எது என்பது கடைசியில்தான் தெரியும். தெரிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் நம்மவர்கள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே, “சிவப்புதான் நம்ம ஆளு, கறிவேப்பிலையைப் பாத்தாலே தெரியுதே” என்று பக்கத்து மேசைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். இதைவிடப் பெரிய தவறு அந்த மண்டபத்தில் நடக்காது. யாருடையது என்று முடிவு கட்டிய பிறகு நாக்கு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கண்டுபிடித்ததும் பெரும்பாலும் தப்பாகவே இருக்கும். 1976ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி பாரிஸில் பிரெஞ்சு வைன்களையும் கலிபோர்னிய வைன்களையும் பெயர் மறைத்துச் சுவைக்க வைத்தார்கள். நடுவர்கள் எல்லாருமே பிரான்சின் தேர்ந்த நாக்குகள். இரண்டு பிரிவிலும் கலிபோர்னிய வைன்தான் முதலிடம் பிடித்தது. கலிபோர்னிய வைனைக் குடித்துவிட்டு, இது நம் நாட்டுச் சரக்கு என்று நம்பிய நடுவரும் அங்கே இருந்தார். அவர்களுக்கே அந்த நிலை என்றால் கறிவேப்பிலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் நாம் எம்மாத்திரம்!

(நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘1’, ‘2’ என்றோ ‘அ’, ‘ஆ’ என்றோ கிண்ணத்தில் எழுதாதீர்கள். ஒன்று என்றாலே மனசு முதலிடம் என்று எடுத்துக்கொள்ளும். உணவு ஆய்வுக்கூடங்களில் 472, 815 என்று சம்பந்தமில்லாத மூன்று இலக்க எண்களைப் போடுவது அதனால்தான்.)

அடுத்த தவறு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ராத்திரி விருந்தாயிற்றே என்று மத்தியானமே பட்டினி கிடந்து வருவது. பசித்த வயிற்றுக்கு முதல் கிண்ணம் எதுவானாலும் அமிர்தம். பத்துக்கு ஒன்பது போட்டுவிடுவோம். அதன்பிறகு வருவது அதைவிட நன்றாக இருந்தால் போட மார்க் மிச்சமிருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு துண்டு ரொட்டியோ, சம்பல் இல்லாமல் ஒரு தோசையோ பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். கோப்பி வேண்டாம். சிகரெட்டும் வெற்றிலையும் விருந்து முடியும்வரை பையிலேயே இருக்கட்டும்.

வாசனை விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களிடம் திட்டு வாங்கத் தயாராகத்தான் இதை எழுதுகிறேன். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மெல்லும்போது வாயின் பின்புறமாக மேலேறும் மணம்தான் ஏலம் எது, பட்டை எது என்று பிரித்துச் சொல்கிறது. சளி பிடித்த நாளில் எல்லாமே சப்பென்று இருப்பது நினைவிருக்குமே. இரண்டு முழம் மல்லிகை, ஜவ்வாது, ஆண்கள் பக்கம் அரைப் புட்டி செண்ட், தாத்தாமார் நெற்றியில் தலைவலித் தைலம், இவை எல்லாம் சேர்ந்த மேசையில் உட்கார்ந்து ரசத்தின் பெருங்காயத்தைக் கண்டுபிடித்துவிட முடியுமா? அன்று ஒரு ராத்திரி மட்டும் பூ கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்.

இனி காரம். முக்கால்வாசி மார்க் தடம் புரள்வது இங்கேதான்.

காரம் ஒரு சுவையே அல்ல. மிளகாயில் உள்ள கேப்சைசின், வாயில் சூட்டை உணர்ந்து சொல்லும் நரம்பு முனைகளைப் போய்த் தொடுகிறது. அவை “சுடுகிறது” என்று மூளைக்குச் செய்தி அனுப்பிவிடும். இந்த வேலையைச் செய்யும் புரதத்தை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டறிந்தார்கள். அந்த வழியில் செய்த ஆய்வுக்காக 2021இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆக, பச்சைப் புள்ளிக்காரர் வாய் எரியும்படி ஒரு பிரட்டல் வைத்து, அதை நீங்கள் முதலில் சாப்பிட்டுவிட்டால், அடுத்த சில நிமிடங்களுக்குச் சிவப்புப் புள்ளிக்காரர் எது வைத்தாலும் உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும். அவர் சமையலில் பிசகே இருக்காது. கெட்டிக்காரச் சமையல்காரர்கள் இதைத் தெரிந்தே செய்வார்கள் என்பது என் சந்தேகம்.

எரிந்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? மேசையில் இருக்கும் ஐஸ் போட்ட ரோஸ் சிரப் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடிக்கிறோம். குளிர்ச்சி இருக்கும்வரை சுகம், கிளாஸைக் கீழே வைத்ததும் எரிச்சல் திரும்பி வந்துவிடும். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதோடு சீனி நாக்கில் படிந்துவிட்டால் அடுத்து வரும் புளிக்குழம்பு இன்னும் புளிக்கும். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பும் சரியாகத் தெரியாது. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். தயிரோ மோரோ கேளுங்கள். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் மிளகாயின் எரிச்சலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கூடவே ஒரு பிடி வெறும் சோறு, சாதாரண தண்ணீர் ஒரு மடக்கு, இரண்டு நிமிடம் ஊர்க்கதை. தேத்தண்ணியை விருந்து முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சுவைக்கும் வரிசையிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. சிவப்பு, பச்சை என்று ஒரு சுற்று சுவைத்துவிட்டு, வாயைச் சுத்தம் செய்துகொண்டு, பச்சை, சிவப்பு என்று திருப்பிச் சுவையுங்கள். இரண்டாம் முறையும் அதே கிண்ணம் ஜெயித்தால்தான் அது உண்மையான ஜெயம். இதற்குக் கிண்ணத்தில் மிச்சம் வைக்கத் தெரிய வேண்டும். அதுதான் எனக்கு முதல் முறை தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் சுற்றில் வந்த ஆட்டிறைச்சிப் பிரட்டல் இரண்டையும் எலும்பு உறிஞ்சித் தீர்த்தேன். காசு கொடுத்தது நானாயிற்றே! மூன்றாம் சுற்று நண்டு. அதிலும் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. வயிறு கனத்ததும், கல்யாண வீட்டு ஞாபகத்தில், கை தானாகவே இலையை என் பக்கமாக மடித்துவிட்டது. திருப்தி என்று அர்த்தமில்லையா? பரிமாறிக்கொண்டிருந்த தம்பி நல்ல பிள்ளை. மடித்த இலையைக் கிண்ணங்களோடும், அடியில் சொருகியிருந்த மார்க் தாளோடும் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். குப்பைத் தொட்டியிலிருந்து மீட்ட தாளில் நண்டுக் குழம்பு காயும்வரை காத்திருந்து, மிச்ச இரண்டு சுற்றுக்கும் ஏதோ ஒரு நம்பரைக் கிறுக்கினேன். ஒரு கிண்ணத்துக்கு மூன்று வாய் போதும். இலையை மடிக்காதீர்கள். தாளைச் சட்டைப் பையில் வையுங்கள்.

மிச்சத்தைத் ‘தாப்பாவ்’ பண்ணி, அதாவது வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டித் தரச் சொல்வதும் கூடாது. அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்கிறார்.

எதற்கு மார்க் போடுகிறோம் என்பதிலும் குழப்பம் உண்டு. எங்கள் ஊரில் போட்டி என்றால் பேராக் ஆற்று ‘ஊடாங் காலா’ என்கிற பெரிய நன்னீர் இறால் இல்லாமல் இருக்காது. ஒருவர் அதைக் குழம்பாக வைப்பார், மற்றவர் நெய்யில் வறுப்பார். “எனக்குக் குழம்புதான் பிடிக்கும்” என்று மார்க் போடுவது தப்பு. இறாலைத்தான் பார்க்க வேண்டும். சதை கடித்தால் மீள்கிறதா, தலைக்குள் இருக்கும் கொழுப்பு கசக்காமல் இருக்கிறதா, மசாலா இறாலை மூடிவிட்டதா தூக்கிவிட்டதா? சதை மாவுபோல உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று உடனே எழுதிவிடுவார்கள். பல நேரம் காரணம் வேறு. செத்த இறாலைத் தலையோடு வைத்திருந்தால் தலைச் சுரப்பியின் நொதிகள் சதைக்குள் கசிந்து அதைக் கரைத்துவிடும். அடுப்புக்கு வருமுன்பே அது கெட்டுப்போன இறால். அதற்கும் மார்க்கைக் குறைக்கத்தான் வேண்டும் என்பேன், சந்தையில் பார்த்து வாங்குவதும் சமையல்தானே. ஆனால் காரணத்தைச் சரியாக எழுதுங்கள், அந்தத் தாள் சமையல்காரர் கைக்குத்தான் போகப்போகிறது.

கேமரா பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒன்று மட்டும். நீங்கள் நாலு கோணத்தில் படம் பிடித்து முடிப்பதற்குள் ஆட்டுக் கொழுப்பு உறைந்து உதட்டில் மெழுகாக ஒட்டும். பிறகு “எண்ணெய் ஜாஸ்தி” என்று எழுதுவீர்கள்.

ஒரு விஷயத்தில் எனக்கே இன்னும் முடிவு வரவில்லை. இரண்டாம் முறை போனபோது ஒரு சமையல்காரர் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுச் சம்பலும் வைத்தார். ஜப்பான்காரன் காலத்துச் சாப்பாடு, 1942இலிருந்து 1945வரை தோட்டங்களில் பல குடும்பங்களை உயிரோடு வைத்த கிழங்கு. என் எதிரில் இருந்த பெரியவர் ஒரு வாய் வைத்தார், கண்ணைத் துடைத்தார், பத்துக்குப் பத்து போட்டார். கிழங்கு நடுவில் வேகவே இல்லை, எனக்கு நரநரவென்று இருந்தது. “தாத்தா, வேகலையே” என்றேன். “அப்பவும் வேகாமத்தான்டா தின்னோம்” என்றார். ஞாபகத்துக்கு மார்க் போடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லலாம். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

சீட்டு வாங்கும்போதே சொல்ல வேண்டியதை அங்கே போய்ச் சொல்வதும் உண்டு. இறால், நண்டு, கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் புரட்டாசியில் நடக்கும் விருந்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு அங்கே போய்க் கோபப்படக் கூடாது. முஸ்லிம் நண்பரை அழைத்துப் போவதாக இருந்தால் இறைச்சி ஹலாலா என்று கேட்டு வையுங்கள்.

மேசையில் மார்க்கை உரக்கச் சொல்லாதீர்கள். ஒருவர் “ஏழு” என்றால் மேசை முழுக்க ஆறிலும் எட்டிலும் வந்து நிற்கும். சுற்று முடிந்ததும் எழுதிவிடுங்கள். கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால் பாயசம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

கடைசித் தவறு மறுநாள் நடப்பது. தோற்றவர் கடைப் பக்கமே போகாமல், எதிர்ச் சாரியில் நடந்து ஒளிவது. சின்ன ஊர், 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைச் சுற்றித்தான் எல்லாரும் நடக்க வேண்டும், எங்கே ஒளிவது? மூன்றாம் முறைக்குப் பிறகு நான் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். தோசையை வைத்துவிட்டு அவர் நகரவில்லை.

“ரசத்துல என்னா கொறஞ்சிச்சு, அண்ணே?”

“புளி கூடிப்போச்சு தம்பி. அதான் மிளகு எடுபடல.”

உள்ளே போய் ஒரு கிளாஸில் ரசம் கொண்டுவந்து வைத்தார். “இத குடிச்சுப் பாருங்க.”

தோசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதலில் தண்ணீர் ஒரு மடக்கு கேட்டேன்.