வேலையை விட்டுப் போகிறவரோடு நிறுவனத்தின் கோப்புகளும் போகாமல் இருக்க

எங்கள் விற்பனைப் பிரிவில் இருந்த ஒருவர் விலகினார். அன்று மாலையே அவருடைய மின்னஞ்சல் கணக்கை முடக்கி, மடிக்கணினியையும் வாங்கி வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து விலைப்பட்டியல் ஷீட்டைத் திறந்தால், மேல் மூலையில் வட்டத்துக்குள் அவர் முகம்! அதே நேரத்தில் அவரும் அதைத் திறந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் அவருடைய சொந்த ஜிமெயிலுக்கும் அந்த ஷீட்டைப் பகிர்ந்திருந்தோம். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அதற்கப்புறம் நான் செய்து சரிபார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் கூகுள் டிரைவையும் விண்டோஸையும் வைத்துச் சொல்வது.

1. எது ரகசியம் என்று எழுதுங்கள்

வாடிக்கையாளர் பட்டியல், விலை, சம்பளம், வடிவமைப்புக் கோப்புகள் என்று ஐந்தாறு வரி போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது யாருக்கு உண்மையிலேயே வேண்டும் என்று பெயர் போடுங்கள். மற்றவர்களின் அனுமதியை எடுத்துவிடலாம்.

2. பகிர்வைச் சுத்தம் செய்யுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். கோப்பைத் திறந்து ‘ஷேர்’ அழுத்தினால் அனுமதி உள்ளவர்களின் பட்டியல் வரும். நிறுவன முகவரி அல்லாத ஒவ்வொன்றையும் யாருடையது என்று பார்த்து நீக்குங்கள்.

நான் அவர் முகவரியை நீக்கினேன். மறுநாள் அதே மூலையில் பெயரில்லாமல் ஒரு விலங்குப் படம் வந்து நின்றது. இணைப்பு வைத்திருக்கும் யாரும் திறக்கலாம் என்ற அமைப்பு அப்படியே இருந்ததுதான் காரணம். அதே பெட்டியின் கீழே ‘ஜெனரல் ஆக்சஸ்’ என்பதை ‘ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கினால்தான் அந்த வாசல் அடைபடும். கோப்பு இருக்கும் ஃபோல்டரையும் பாருங்கள். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி உள்ளே இருப்பவற்றுக்கும் இறங்கும்.

பிறகு அதே பெட்டியில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தி, எடிட்டர்கள் பிறருக்குப் பகிரலாம் என்ற டிக்கை எடுங்கள். பார்வையாளர்கள் பதிவிறக்கவும் நகலெடுக்கவும் அச்சிடவும் முடியும் என்பதையும் எடுங்கள். திரையை ஃபோனில் படம் பிடித்தால் இவை தடுக்காது. ஆனாலும் ஒரே சொடுக்கில் மொத்தப் பட்டியலும் போவது நிற்கும்.

3. கடவுச்சொற்கள்

ஷீட்டில் கடவுச்சொல் எழுதி வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். நான் பிட்வார்டன் என்ற கடவுச்சொல் காப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் விலகுபவர் ஏற்கெனவே பார்த்த கடவுச்சொல் அவருக்குத் தெரிந்ததுதான். அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

4. பென்டிரைவ்

கோப்புகளை பென்டிரைவில் எடுத்துப் போகாமல் தடுக்க, விண்டோஸின் விதிகளை அமைக்கும் கருவியான குரூப் பாலிசி எடிட்டரில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்’ என்று போய், எல்லா வகைக்கும் அணுகலை மறுக்கும் விதியை இயக்குங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது, புரோ வேண்டும்.

5. விலகும் நாள்

கணக்கை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். முதலில் முடக்குங்கள், அவர் உருவாக்கிய கோப்புகளின் உரிமையை வேறொருவருக்கு மாற்றுங்கள், அப்புறம் அழிக்கலாம். நிறுவனங்களுக்கான கூகுள் சேவையான வொர்க்ஸ்பேஸில் அழித்த கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம்.

யார் எந்தக் கோப்பை என்ன செய்தார் என்ற பதிவுகள் உங்கள் வொர்க்ஸ்பேஸ் சந்தாவில் கிடைத்தால், ராஜினாமாவுக்கு முந்தைய வாரங்களில் அவர் எதை இறக்கினார் என்றும் பாருங்கள். 2017இல் உபர் மீது, தானாக ஓடும் கார்களை உருவாக்கும் வேமோ தொடுத்த வழக்கில், தன் பொறியாளர் ஒருவர் விலகுவதற்குச் சில வாரங்கள் முன்பே 14,000க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கிக்கொண்டார் என்பதுதான் குற்றச்சாட்டு.

தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் உளவு மென்பொருளை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். ஊழியர்களின் சொந்தக் கடவுச்சொற்களும் அதில் சிக்கும். நேர்மையாக வேலை செய்கிற பத்துப் பேரின் நம்பிக்கையை அதற்காக இழக்கக் கூடாது. அதைவிட, வாடிக்கையாளர் பட்டியலில் நீங்களே வைத்திருக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரியைப் போலிப் பெயரில் சேருங்கள். வேறு எங்கும் அதைக் கொடுக்காதீர்கள். அந்தப் பெயருக்கு விளம்பரம் வந்தால் பட்டியல் வெளியே போயிருக்கிறது என்று தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், எல்லாம் செய்தும் கசிவு நிற்கவில்லை என்று எழுதினார். அங்கே இன்னும் வேலையில் இருந்த ஊழியரின் ஜிமெயில் அமைப்பில், வரும் அஞ்சலெல்லாம் தானாகவே வெளி முகவரிக்குப் போகும்படி ஃபார்வர்டிங் போட்டிருந்தது. அட்மின் பக்கத்தில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் ‘எண்ட் யூசர் ஆக்சஸ்’ பகுதியில் தானியங்கி ஃபார்வர்டிங்கை எல்லோருக்கும் அணைக்கலாம். நானும் அன்றைக்கே அணைத்துவிட்டேன்.