அமெரிக்க ராணுவ ரிசர்வ் பென்ஷன்: உங்கள் தகுதியாண்டுகளை நீங்களே எண்ணுவது எப்படி?

அமெரிக்காவின் பகுதிநேரப் படைகளான ஆர்மி ரிசர்விலோ நேஷனல் கார்டிலோ இருப்பவரிடம் "எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று கேட்டால், சேர்ந்த ஆண்டை இந்த ஆண்டிலிருந்து கழித்துச் சொல்லிவிடுவார். பென்ஷனுக்கு அந்தக் கணக்கு செல்லாது. 18 வருடம் யூனிஃபார்ம் போட்டவர் கையில் தகுதியாண்டு 15தான் இருந்தது என்பது அங்கே சர்வசாதாரணம்.

இதைத் தமிழில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காகப் படையில் சேர்த்துக்கொள்ளும் மாவ்னி திட்டத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2008 கடைசியில் அறிவித்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்போது உள்ளே போனவர்களுக்கு 20 வருடம் நெருங்குகிறது. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

முதலில் விதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ரிசர்வ் பென்ஷனுக்கு 20 தகுதியாண்டுகள் வேண்டும். ஒரு பணியாண்டில் குறைந்தது 50 பாயின்ட் எடுத்தால் அது தகுதியாண்டு. பேச்சுவழக்கில் 'குட் இயர்' என்பார்கள். 49 எடுத்தால் கிடையாது. பணம் பொதுவாக 60 வயதில்தான் வரத் தொடங்கும்.

தாளில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் வருடங்கள், இன்னொன்றில் பாயின்ட்கள். பென்ஷன் உண்டா இல்லையா என்பதை வருடப் பத்தி சொல்லும்; எவ்வளவு என்பதைப் பாயின்ட் பத்தி சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்குக் கணக்கு பிசகுகிறது.

படி 1: உங்கள் பணியாண்டு எந்தத் தேதியில் தொடங்குகிறது?

ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணாதீர்கள். அரசின் நிதியாண்டையும் (அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை) இங்கே மறந்துவிடுங்கள். நீங்கள் பணியில் சேர்ந்த தேதிதான் உங்கள் ஆண்டின் முதல் நாள். ஆகஸ்ட் 14இல் சேர்ந்தவருக்கு ஒவ்வொரு பணியாண்டும் ஆகஸ்ட் 14இல் தொடங்கி அடுத்த ஆகஸ்ட் 13இல் முடியும்.

முழுநேரப் பணியிலிருந்து விலகி மறுநாளே ரிசர்வில் சேர்ந்திருந்தால் பழைய தேதியே தொடரும். நடுவில் 24 மணி நேரத்துக்கு மேல் எந்தப் பிரிவிலும் இல்லாமல் இருந்திருந்தால், திரும்பச் சேர்ந்த நாள் உங்கள் புதிய தேதியாகிவிடும். அப்போது பழைய ஆண்டு பாதியில் நிற்கும். அந்த அரைகுறை ஆண்டும் வீணாகாது. நாள் விகிதப்படி 50-ஐக் குறைத்துக்கொள்வார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் என்றால் 25 பாயின்ட் இருக்க வேண்டும். இருந்தால் அந்த ஆறு மாதம் கணக்கில் ஏறும்.

இந்தத் தேதி ஏன் இவ்வளவு முக்கியம்? மேலே சொன்ன ஆகஸ்ட் 14 ஆளையே எடுத்துக்கொள்வோம். ஒரு வருடம் குழந்தை பிறந்ததில் நாலு மாத ட்ரில் (மாதம் ஒரு வார இறுதியில் நடக்கும் பயிற்சி) போய்விட்டது. எட்டு வார இறுதி மட்டும் போனார்: தலா 4 வீதம் 32 பாயின்ட். உறுப்பினராக இருப்பதற்கே கிடைக்கும் பாயின்ட் 15. மொத்தம் 47. "ஜூலையில் 15 நாள் பயிற்சி வருகிறதே, அதில் சரியாகிவிடும்" என்று நினைத்திருந்தார். யூனிட் அந்த வருடம் பயிற்சியை ஆகஸ்ட் 20க்குத் தள்ளிவைத்தது. அந்த 15 பாயின்ட்டும் அடுத்த பணியாண்டில் போய் விழுந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு 93 பாயின்ட், ஆனால் முந்தைய ஆண்டு 47இலேயே நின்றுவிட்டது. மூன்றே மூன்று பாயின்ட்டுக்கு ஒரு வருடம் போச்சு. மிஞ்சியதைப் பின்னாலோ முன்னாலோ நகர்த்த விதியில் இடமில்லை.

ஆகவே பணியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். குறைந்தால் ட்ரில்லை ஈடுகட்ட யூனிட்டில் கேட்க அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

படி 2: ஒவ்வோர் ஆண்டுக்கும் பாயின்ட் எழுதுங்கள்

உறுப்பினராக இருப்பதற்கே ஆண்டுக்கு 15. முழுநேரப் பணி நாள் ஒன்றுக்கு 1. ஆண்டுப் பயிற்சி நாட்களும் இதில்தான் வரும். ட்ரில் ஒன்றுக்கு 1. ட்ரில் என்பது குறைந்தது நாலு மணி நேரம்; ஒரே நாளில் இரண்டு வரை எண்ணலாம். சனி இரண்டு, ஞாயிறு இரண்டு, ஆக ஒரு வார இறுதிக்கு 4 பாயின்ட். அதே இரண்டு நாள் முழுநேரப் பணியில் இருந்தால் 2தான் கிடைக்கும். விநோதம்தான், ஆனால் ரிசர்வ்காரருக்குச் சாதகமான விநோதம்.

ராணுவ மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்குப் பணிக்கு நாளுக்கு 1 உண்டு. அங்கீகரிக்கப்பட்ட அஞ்சல்வழி, இணையவழிப் பாடங்களுக்கும் பாயின்ட் உண்டு.

ஒழுங்காக வரும் ஒருவரின் வழக்கமான ஆண்டு இப்படி இருக்கும்: மாதம் ஒரு வார இறுதி, 12 × 4 = 48. ஆண்டுப் பயிற்சி 15. உறுப்பினர் 15. மொத்தம் 78. பயிற்சிக்கே போகாவிட்டாலும் 63 வருகிறது. அதாவது யூனிட்டில் இருந்துகொண்டு ட்ரில் தவறாமல் போகிறவர் பயப்பட ஒன்றுமில்லை.

ஆபத்து ஐஆர்ஆரில்தான். யூனிட் இல்லாமல் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும் நிலை அது. சும்மா இருந்தால் 15 வரும், மீதி 35-ஐ நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். "நான் இன்னும் ரிசர்வில்தானே இருக்கிறேன்" என்று நாலைந்து வருடத்தை அங்கே கழித்துவிட்டு, வருடப் பத்தியில் பூஜ்யத்தோடு திரும்பியவர்கள் நிறைய.

உச்சவரம்பும் உண்டு. ஓர் ஆண்டில் 365 பாயின்ட்டுக்கு மேல் கிடையாது (லீப் ஆண்டில் 366). ட்ரில், உறுப்பினர், பாடங்கள் போன்ற பகுதிநேரப் பாயின்ட்களுக்குத் தனி வரம்பு: 2007 அக்டோபர் 30-ஐ உள்ளடக்கிய ஆண்டிலிருந்து 130. அதற்கு முன்னால் 90, 75, 60 என்று காலத்துக்குக் காலம் குறைவாக இருந்தது. பழைய ஆட்கள் மட்டும் இதைப் பார்த்தால் போதும்.

படி 3: கோடு போட்டு எண்ணுங்கள்

ஒரு முழு உதாரணம் போட்டுவிடுவோம். நம் கற்பனை ஆள் 2009 ஆகஸ்ட் 14இல் முழுநேரப் பணியில் சேர்கிறார்.

2009 ஆகஸ்ட் 14 – 2013 ஆகஸ்ட் 13, முழுநேரம்: 4 ஆண்டு, 1,461 பாயின்ட். நடுவில் 2012இன் பிப்ரவரி 29 வருவதால் அந்த ஒற்றை 1.

மறுநாளே ரிசர்வ் யூனிட்டில் சேர்கிறார். 2017 ஆகஸ்ட் 13 வரை: 4 ஆண்டு, 4 × 78 = 312.

2017–18இல் வேலை மாறி வேறு மாநிலம் போகிறார், ஐஆர்ஆருக்கு மாற்றிக்கொள்கிறார். 12 நாள் பயிற்சி ஒன்று மட்டும். 15 + 12 = 27. தகுதியாண்டு 0.

2018 ஆகஸ்ட் 14 முதல் மறுபடி யூனிட். 2030 ஆகஸ்ட் 13 வரை: 12 ஆண்டு, 12 × 78 = 936.

வருடப் பத்தி: 4 + 4 + 0 + 12 = 20. பாயின்ட் பத்தி: 1,461 + 312 + 27 + 936 = 2,736.

நாள்காட்டிப்படி 21 வருடம், கணக்கில் 20. அந்த 2017–18இல் புது ஊர்ப் பக்கத்து யூனிட்டில் ஆறே ஆறு வார இறுதி ட்ரில் போயிருந்தால் 24 பாயின்ட் சேர்ந்து 51 ஆகியிருக்கும், 2029லேயே முடித்திருப்பார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தகுதி பெறாத அந்த ஆண்டின் 27 பாயின்ட்டும் பாயின்ட் பத்தியில் நிற்கிறது. வருடம் போனாலும் பாயின்ட் போகாது.

படி 4: பணமாக மாற்றுங்கள்

மொத்தப் பாயின்ட்டை 360ஆல் வகுங்கள். 2,736 ÷ 360 = 7.6. இவருடைய சேவை 7.6 முழுநேர ஆண்டுக்குச் சமம். பழைய முறையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 2.5 சதவீதம்: 7.6 × 2.5 = 19 சதவீதம். 2018 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களும், அந்த ஆண்டு விருப்பப்பட்டு மாறியவர்களும் புதிய கலப்புத் திட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2 சதவீதம்: 15.2.

இந்தச் சதவீதம் எதன் மீது? 1980 செப்டம்பர் 8 முதல் சேர்ந்த எல்லாருக்கும், மிக அதிகமாக இருந்த 36 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரி மீது. வாங்கிய ட்ரில் பணம் இதில் வராது. அதே ரேங்கில் முழுநேரத்தில் இருப்பவரின் மாத அடிப்படைச் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். கணக்குக்காக அது 5,000 டாலர் என்று வைத்தால், பழைய முறையில் மாதம் 950 டாலர், புதியதில் 760.

20 முடித்ததும் விலகுகிறவர்கள் ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். "டிஸ்சார்ஜ் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடாமல், ஓய்வுபெற்ற ரிசர்வ் பட்டியலுக்கு மாற்றக் கேளுங்கள். அந்தப் பட்டியலில் இருந்தால் 60 வயதை ஒட்டிய சம்பள அட்டவணை உங்களுக்குப் பொருந்தும். டிஸ்சார்ஜ் ஆனால் வெளியேறிய நாளின் அட்டவணையோடு உறைந்துவிடும். பத்துப் பதினைந்து வருடச் சம்பள உயர்வு கைநழுவும்.

படி 5: 60 வயதுக்கு முன்னால் வாங்க முடியுமா?

சிலருக்கு முடியும். 2008 ஜனவரி 28க்குப் பிறகு, ரிசர்வில் இருக்கும்போது முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டிருந்தால், தகுதியான ஒவ்வொரு 90 நாளுக்கும் மூன்று மாதம் குறையும். 89 நாள் என்றால் ஒன்றும் குறையாது. இங்கேதான் நிதியாண்டு எட்டிப் பார்க்கிறது: முன்பு 90 நாளும் ஒரே நிதியாண்டுக்குள் இருக்க வேண்டும்; 2014 செப்டம்பர் 30க்குப் பிந்தைய பணியில் அடுத்தடுத்த இரண்டு நிதியாண்டுகளைச் சேர்த்து எண்ணலாம். 270 நாள் வெளிநாட்டுப் பணி போனவருக்கு 59 வயது 3 மாதத்தில் பணம் தொடங்கும். எவ்வளவு குறைத்தாலும் 50க்குக் கீழே போகாது. ஆண்டுப் பயிற்சி இதில் சேராது. நம் உதாரண ஆளின் முதல் நாலு வருடமும் சேராது, அப்போது அவர் ரிசர்வில் இல்லை. பணம் முன்னால் வந்தாலும், ஓய்வுபெற்றவருக்கான டிரைகேர் மருத்துவக் காப்பீடு 60 வயதுக்குத்தான்.

படி 6: உங்கள் தாளையும் அவர்கள் தாளையும் ஒப்பிடுங்கள்

ராணுவம் வைத்திருக்கும் பாயின்ட் கணக்குத் தாள், ஆர்மி ரிசர்வில் டிஏ 5016 படிவம், ஆர்மி நேஷனல் கார்டில் என்ஜிபி 23. ஆண்டு வாரியாகப் பாயின்ட்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரியையும் உங்கள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். காணாமல் போவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: யூனிட் மாறிய ஆண்டு, முழுநேரப் பணியிலிருந்து ரிசர்வுக்கு வந்த ஆண்டு. திருத்தச் சொல்லும்போது சான்று வேண்டும். முழுநேரப் பணிக்கு டிடி 214, பாயின்ட்டுக்காக மட்டும் செய்த பயிற்சிக்கு டிஏ 1380, மற்றதற்குப் பணி ஆணையும் சம்பளச் சீட்டும். 12 வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை அப்போது தேடுவது பெரும்பாடு. இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள்.

20 முடிந்து ஓராண்டுக்குள், பென்ஷனுக்குத் தகுதி பெற்றுவிட்டீர்கள் என்று அறிவிக்கும் '20 வருடக் கடிதம்' வர வேண்டும். வந்தால் 90 நாளுக்குள் குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் உங்கள் தேர்வைத் தெரிவிக்க வேண்டும், மனைவி அல்லது கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். உடல்நிலை காரணமாகப் பணிக்குத் தகுதி இழப்பவர்களுக்கு 15 வருடத்திலேயே இதேபோன்ற கடிதம் கிடைக்க வழி உண்டு.

அப்புறம், 60 வயதானதும் பணம் தானாக வங்கிக்கு வராது. டிடி 108, டிடி 2656 இரண்டு படிவத்தையும் நிரப்பி நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.